இரண்டாவது கியரில் நின்ற வண்டி

மாஸ்டரின் வலது காலுக்குத் தனியாக ஒரு மூளை இருக்கிறது என்று அவர் மனைவி சொல்வார். அந்தக் கால் யாரையும் கேட்காது. பேருந்தில் போனால் முன் சீட்டின் அடியில் போய் மிதிக்கும். யாராவது தங்கள் காரில் ஏற்றிக்கொண்டால், கீழே கிடக்கும் ரப்பர் விரிப்பை மிதித்து மிதித்தே சுருட்டிவிடும். டி.வி.யில் ஒரு வண்டியை இன்னொரு வண்டி துரத்தினால், சோபாவுக்கு முன்னால் இருக்கும் முக்காலி அறையின் மறுகோடிக்குப் போய் நிற்கும்.

காலைச் சொல்லிக் குற்றமில்லை. பத்தொன்பது வருடங்களாக அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்க்கிறார். பள்ளியின் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஒரு நாளைக்கு ஏழு பேர், எட்டு பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அவரைக் கொல்லப் பார்ப்பார்கள். அந்தக் கால் இல்லையென்றால் அவர் இந்நேரம் சுவரில் படமாகத்தான் தொங்கியிருக்க வேண்டும். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ‘பிரேக் மாஸ்டர்’ என்றார்கள். அது அவருக்குத் தெரியும். பாராட்டு என்று வைத்துக்கொண்டார்.

சாலையில் சொல்லிக்கொடுப்பதைவிட வகுப்பறையில் சொல்லிக்கொடுப்பது அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை பாடம், ‘மோதிவிட்டால் என்ன செய்வது’. மேசையில் இரண்டு பொம்மைக் கார்களை வைத்து மோதவிட்டு ஆரம்பிப்பார். “முதல்ல வண்டியை நிறுத்து. நாலு இண்டிகேட்டரையும் போடு. யாருக்காவது அடிபட்டிருக்கான்னு கேளு. முக்கோணப் பலகையைக் கொண்டுபோய்ப் பின்னாடி வை. போட்டோ எடு. விபத்துப் படிவத்தை நிரப்பு. சண்டை போடறது கடைசில. அதுவும் நேரமிருந்தா.” எல்லோரும் சிரிப்பார்கள். பத்தொன்பது வருடமாக அதே இடத்தில் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு விரலை உயர்த்தி ஒன்று சொல்வார். “யார் மேல தப்புன்னு ரோட்ல நின்னு பேசாதீங்க. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. ஓட்டற சீட்ல உட்கார்ந்தா, பொறுப்பு அந்த சீட்டுக்கு.”

மனைவி அவரிடம் கார் கற்றுக்கொள்ளப் பார்த்தார். மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, “உங்ககூட வாழ்ந்துடலாம், ஓட்ட முடியாது” என்று சொல்லிவிட்டு, தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நடந்தே போனார். இன்றுவரை நடந்தேதான் போகிறார்.

அதனால் மகளுக்குப் பதினெட்டு முடிந்தபோது வீட்டில் ஒரு பேச்சும் எழவில்லை. அவள் அதே பள்ளியில், ஆனால் அப்பாவோடு வேலை பார்க்கும் ஒரு அம்மாவிடம் சேர்ந்தாள். அந்தம்மா அதிகம் பேசமாட்டார், பாட்டைக் கேட்டுக்கொண்டே வருவார். மகள் முதல் தடவையிலேயே தேர்வில் தேறினாள். மாஸ்டருக்குச் சந்தோஷம்தான். கூடவே வேறொன்றும் இருந்தது. அதை அவர் வெளியே காட்டவில்லை.

உரிமம் கைக்கு வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. திங்கட்கிழமை அவளுக்கு முதல் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டு வரும் பரிசோதனைக்கூடம் ஒன்றில் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஓட்டுநர் உரிமம் கட்டாயம். உரிமம் வாங்கிய முதல் வருடத்துக்கு அந்த ஊரில் ஒரு தனி விதி இருக்கிறது. தன் தவறால் ஒரு மோதல் பதிவானாலும் உரிமம் ஆறு மாதம் முடங்கும், பிறகு முதலிலிருந்து தேர்வு. உரிமம் முடங்கினால் திங்கட்கிழமையும் இல்லை, வேலையும் இல்லை.

சனிக்கிழமை காலை மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “வழி தெரியணும்ல. ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்.”

“வழி போன்ல இருக்குப்பா.”

“போன் சொல்லும். எந்த லேன்ல நிக்கணும்னு சொல்லாது.”

“அதுவும் சொல்லும்.”

மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். “கூட்டிட்டுப் போ பாப்பா. இல்லேன்னா திங்கட்கிழமை டிக்கியில ஏறி ஒளிஞ்சுக்குவார்.”

வீட்டுக் கார் சாதாரணக் கார். அதில் பிரேக் ஒரு பக்கம்தான்.

தெரு முனை தாண்டுவதற்குள் மாஸ்டர் ஆரம்பித்துவிட்டார். கண்ணாடி பார். பார்த்துட்டேன். இண்டிகேட்டர். போட்டாச்சு. அந்த ஆட்டோ திரும்பப் போறான். தெரியுதுப்பா. பத்தொன்பது வருடப் பழக்கம் அது. வாயை மூடினாலும் மூக்கு வழியாக வந்துவிடும்.

“அப்பா, நான் உங்க ஸ்டூடண்ட் இல்ல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

“லைசென்ஸ் வாங்கியாச்சுப்பா.”

“லைசென்ஸ் வாங்கினா ஓட்டத் தெரியும்னு அர்த்தமில்ல. ஓட்டலாம்னு அர்த்தம்.”

மகள் நன்றாகத்தான் ஓட்டினாள். அது அவரை இன்னும் கொஞ்சம் படுத்தியது.

துணி வெளுக்கும் கடை ஒன்று இருக்கும் சாலை அது. அகலம் குறைவு. மாஸ்டர் உட்கார்ந்திருந்த பக்கத்தில், சாலையோரமாக வரிசையாக வண்டிகள் நின்றன. எதிர்ப்பக்கச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டியவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, உலகத்தில் கார் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படவே இல்லை என்பதுபோல சாலைக்குள் இறங்கினான்.

மாஸ்டரின் கால் மிதித்தது. அங்கே ரப்பர் விரிப்பு இருந்தது. இன்னொரு தடவை மிதித்தது. அப்போதும் ரப்பர் விரிப்புதான் இருந்தது. கால் கைவிட்டதும் கை பாய்ந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கமாக ஒரே இழுப்பு.

சத்தம் பெரிதாக இல்லை. தகர டப்பாவின் மேல் யாரோ உட்கார்ந்தது மாதிரி ஒரு சத்தம், அதன்பின் கண்ணாடிச் சில்லு விழும் சத்தம், அதன்பின் எங்கோ உள்ளேயிருந்து சிறுசிறு இரும்புகள் கொட்டும் சத்தம். அது வெகுநேரம் கேட்டது. அவர்கள் கார் குலுங்கி அணைந்தது. ஓரமாக நின்றிருந்த வெள்ளை வேன் ஒன்றின் பின்மூலையில் காரின் மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. சைக்கிள்காரன் நடந்தது எதுவும் தெரியாமல் தெருவைக் கடந்து போய்விட்டான்.

பிறகு மகள் கைப்பிரேக்கை இழுத்தாள். நாலு இண்டிகேட்டரையும் போட்டாள். சாவியை எடுத்தாள். “உங்களுக்கு அடி ஏதாவது பட்டிருக்காப்பா?” என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைப் பாடம் வரிசை பிசகாமல் நடந்தது.

“இல்ல” என்றார். ஸ்டியரிங்கை இழுத்த கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வேனின் பின்கதவு திறந்தது. கையில் எல்போ என்னும் வளைந்த குழாய்த்துண்டுடன் ஒரு ஆள் இறங்கினார். நீல உடுப்பு, முழங்காலில் சிமெண்ட். பிளம்பர்.

“அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” மகள் ஓடிப்போய்க் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணும் ஆகல. வாஷர் டப்பா கவுந்துடுச்சு. சைஸ் வாரியா பிரிச்சு வச்சிருந்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரிச்சேன்.” கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம், ஆனால் வாஷர் துக்கம் முந்திக்கொண்டது. பிறகு காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்தார். எல்போவைக் கீழே இறக்கினார்.

“மாஸ்டர். நீங்களா?”

மாஸ்டருக்கு முகம் தெரியவில்லை. ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்கள். எல்லோரையும் அவர் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறார்.

“பன்னெண்டு வருஷம் ஆச்சு. மூணு தடவை ஃபெயில் ஆனேன், ஞாபகமில்லையா? பஸ் ஸ்டாண்டுக்குள்ள கொண்டுபோய் விட்டேனே.”

“ஆங்.” அது ஞாபகம் இருந்தது. “கழுத்தைத் திருப்பு பார்க்கலாம். ஆமா, நீதான்.”

“பொண்ணா?”

“பொண்ணு.”

“மாஸ்டர் பொண்ணே மோதினா நாங்கள்லாம் என்ன பண்றது” என்று பிளம்பர் சிரித்தார். பின்விளக்கு உடைந்து, பம்பர் உள்வாங்கியிருந்ததைக் குனிந்து பார்த்துவிட்டு, “என் சொந்த வண்டின்னா இப்படியே போங்கன்னு சொல்லிடுவேன் மாஸ்டர். இது கம்பெனி வண்டி. படிவம் இல்லாம சாயங்காலம் உள்ள விடமாட்டாங்க” என்றார். உண்மையாகவே சங்கடப்பட்டார்.

“படிவம் போடறதுதான் முறை” என்றார் மாஸ்டர். வேறு யாரோ சொல்வதுபோல இருந்தது.

அவர் முக்கோணப் பலகையை எடுத்துக்கொண்டு இருபது அடி நடந்து போய் வைத்துவிட்டு வந்தார். தேவைக்கு மேல் மெதுவாக நடந்தார். நடக்கும்போது கணக்குப் போட்டார். அவள் சைக்கிளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிரேக் போட்டிருப்பாள். நான் இழுக்கவில்லை என்றால் அந்தப் பையன் இப்போது பானெட்டின்மேல் கிடப்பான். ஒரு பின்விளக்கு போனது போகட்டும், ஒரு உயிர் தப்பியது. திரும்பி வரும்போது இது ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

ஏறக்குறையதான். அடுத்த மாதம் அவருடைய பயிற்றுநர் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: ஓட்டுபவரின் கட்டுப்பாட்டில் தேவையின்றித் தலையிட்டு விபத்து நேர்ந்ததுண்டா? வேலை நேரமா, சொந்த நேரமா என்று அந்தக் கேள்வி பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார். ‘ஆம்’ என்று எழுதியவர்களையும் அவருக்குத் தெரியும். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஆய்வாளர் முன்னால் உட்காரவைப்பார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். ஒருவர் இப்போது கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குள் மகள் படிவத்தை எடுத்து வேனின் பின்படியில் வைத்து எழுதத் தொடங்கியிருந்தாள். காரில் எப்போதும் ஐந்தாறு படிவங்கள் இருக்கும், வகுப்புக்காக அவர் வைத்திருப்பது. எட்டிப் பார்த்தார். ‘ஓட்டியவர் சொல்வது’ என்ற கட்டத்தில் அவளுடைய குண்டு எழுத்து: என் கவனக்குறைவால் நின்றிருந்த வண்டியின் மேல் மோதினேன்.

“சைக்கிளைப் பார்த்தியா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“பார்த்தேன்.”

“எப்போ?”

அவள் பேனாவை நிறுத்தினாள். “விடுங்கப்பா. சீட்ல நான்தான் இருந்தேன். பொறுப்பு சீட்டுக்குன்னு நீங்க சொல்றதுதானே.” பிளம்பருக்குக் கேட்காதபடி இன்னும் குனிந்தாள். “உங்களுக்கு அடுத்த மாசம் கார்டு புதுப்பிக்கணும். எனக்கு ஆறு மாசம்தானே. திரும்ப டெஸ்ட் எழுதிக்கறேன்.”

சொல்லிவிட்டு எழுதினாள். அவர் தடுக்கவில்லை. இதைப் பிற்பாடு அவர் யாரிடமும் மறைத்ததில்லை: அந்த நேரத்தில் அவர் தடுக்கவில்லை. பிளம்பர் தரையில் உருண்டுபோன வாஷர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டரும் குனிந்து இரண்டு வாஷர் பொறுக்கிக் கொடுத்தார்.

“இன்சூரன்ஸ் நம்பர் வேணும்ப்பா. பேப்பர் வண்டில இருக்கு.”

போய்க் கதவைத் திறந்து குனிந்தார். காகிதம் இருந்த பெட்டி எட்டவில்லை. ஓட்டுபவர் சீட்டில் ஒரு முழங்காலை ஊன்றிக் கையை நீட்டியபோது கியர் கம்பு தொடையில் இடித்தது.

இரண்டாவது கியர்.

வண்டி அணைந்த பிறகு கம்பை யாரும் தொடவில்லை. சாலைத் திருப்பத்தில் அவள் மூன்றாவது போட்டதை அவர் கவனித்திருந்தார். அவசரப்பட்டுவிட்டாள் என்று மனத்துக்குள் மார்க் குறைத்ததும் ஞாபகம் இருக்கிறது. மூன்றிலிருந்து இரண்டுக்குத் தானாக வராது. ஒரு ஆள் காலை எடுத்து, கிளச்சை மிதித்து, கம்பைத் தள்ளி, மெல்ல விட வேண்டும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு அதற்கு இரண்டு விநாடி ஆகும். பார்க்காத ஒன்றுக்காக எவரும் கியரைக் குறைக்கமாட்டார்கள். அவருக்கு முன்னாலேயே சைக்கிளைப் பார்த்திருக்கிறாள். நிதானமாக வேகத்தைக் குறைத்திருக்கிறாள். சைக்கிளுக்கு வழிவிட்டுப் போயிருப்பாள். இந்நேரம் பரிசோதனைக்கூடத்து வாசலில் நின்று, திரும்பிப் போகலாமா என்று கேட்டிருப்பாள்.

இப்படிக் கியரைக் குறைக்கும் மாணவனைக் கண்டால், அவனைப் பற்றியே அவர் அன்றைக்கு முழுவதும் பேசிக்கொண்டிருப்பார்.

காகிதத்தோடு இன்னொரு புதுப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

“அதைக் கொடு” என்று, எழுதி முடித்த படிவத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “புதுசா எழுது.”

“அப்பா, வேண்டாம்.”

“சைக்கிளைப் பார்த்தேன், மூணாவதுலேருந்து ரெண்டாவதுக்கு மாத்தி வேகத்தைக் குறைச்சேன்னு எழுது. குறைச்சியா இல்லியா?”

“குறைச்சேன்.”

“அப்புறம் எழுது. பக்கத்தில் இருந்தவர் ஸ்டியரிங்கை இழுத்ததால் வண்டி ஓரத்துக்குப் போனது.”

அவள் எழுதவில்லை. பேனாவின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளம்பர் வாஷர் பொறுக்குவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“பக்கத்தில் இருந்தவர்னா, நீங்கதானே மாஸ்டர்?”

“வேற யார் இருந்தா?”

“இப்படி எழுதினா உங்களுக்குத் தலைவலி வராது?”

“வரும்.”

“நான் உள்ள இருந்தேன், எதையும் பார்க்கல. எனக்கு லைட் வந்தா போதும். எப்படி எழுதினாலும் கையெழுத்துப் போடுவேன்.”

“அதான் வேண்டாங்கறேன். ‘உடன் இருந்தவர் சொல்வது’ன்னு கீழ ஒரு கட்டம் இருக்கு, பத்தொன்பது வருஷமா அதைக் காலியா விட்டுத்தான் சொல்லிக்கொடுத்திருக்கேன். பேனாவைக் குடு பாப்பா, அதை முதல்ல எழுதிடறேன்.”

எழுதினார். தேவையின்றி நான் ஸ்டியரிங்கை இழுத்தேன். ‘தேவையின்றி’ என்பதை எழுதுமுன் கொஞ்சம் நின்றார். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டாலும் வாக்கியம் சரியாகத்தான் இருக்கும். அது இல்லாமல் படித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பிறகு அதைச் சேர்த்து எழுதினார்.

மகள் தன் கட்டத்தை எழுதினாள். எழுதும்போது மூக்கை உறிஞ்சினாள். “சளி” என்றாள். யாரும் கேட்கவில்லை.

பிளம்பர் கையெழுத்துப் போட்டார். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது மாஸ்டர். அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுக்குள்ள போனது, நீங்க இழுத்ததாலதான்.”

“அது நீ.”

“நான் கொஞ்சம். நீங்க கொஞ்சம்.”

மாஸ்டர் நகல் பிரதியைக் கிழித்து அவரிடம் கொடுத்தார்.

வீட்டுக்குப் போன் செய்தபோது மனைவி முதலில் கேட்டது, “யாருக்காவது அடியா?” இல்லை என்றதும் அடுத்தது, “நீங்கதானே?” இவர் ஆமாம் என்றார். “சரி, மெதுவா வாங்க” என்றார் மனைவி. “அவளே ஓட்டட்டும்.”

திங்கட்கிழமை பரிசோதனைக்கூடத்தில் மகளின் உரிமத்தைப் பார்த்தார்கள், நகலெடுத்தார்கள், ஒரு குளிர்ப்பெட்டியையும் பதினோரு முகவரிகளையும் கொடுத்தனுப்பினார்கள். மாஸ்டர் அன்றைக்கே பள்ளி முதலாளியம்மாவிடம் போய், நடந்ததைச் சொல்லி, அட்டையை மேசைமேல் வைத்தார். அந்தம்மா அட்டையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “இதைச் சொல்லாம இருந்திருந்தா எனக்கு எப்பவாவது தெரிஞ்சிருக்குமா?” என்று கேட்டார். “தெரிஞ்சிருக்காது” என்றார் இவர். “அப்போ நான் என்ன திட்டறது” என்று சலித்துக்கொண்டு, ஆய்வு முடியும்வரை வகுப்பறையில் மட்டும் இருக்கச் சொன்னார். அந்த வாரம் வெள்ளிக்கிழமைப் பாடத்தில் விரலை உயர்த்திச் சொல்லும் வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பதினேழு நாள் கழித்து ஆய்வுக்கான நாள் வந்தது. மகளுக்கு அன்று மதிய வேலை. “நான் கொண்டுபோய் விடறேன்” என்றாள். மாஸ்டர் காரைச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டினார்.

“டாக்ஸியா இது?”

“எனக்கு இங்க சௌகரியமா இருக்கு.”

“சரி. ஒரு கண்டிஷன். பேசிட்டே வரலாம். ஆனா ரோட்டைப் பத்திப் பேசக்கூடாது.”

மூன்று சிக்னல்வரை காரில் சத்தமே இல்லை. ரோட்டைத் தவிர அவளிடம் எதைப் பேசுவது என்று அவர் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. நாலாவது சிக்னலில், “ரத்தம் எடுக்கும்போது பயப்படுவாங்களா?” என்று கேட்டார்.

“பெரியவங்கதான் பயப்படுவாங்க. நேத்து ஒரு போலீஸ்காரர், ஊசியைப் பார்த்ததும் அவர் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டார். அம்மாவுக்கு எழுபது வயசுப்பா. அவங்க எங்கிட்ட, ‘இவன் எப்பவும் இப்படித்தான், நீ குத்து’ங்கறாங்க.”

“குத்தினியா?”

“குத்தினேன். ஒரே தடவைல நரம்பு கிடைச்சுது.”

அவர் சிரித்தார். அவள் கண்ணாடியில் அவர் சிரிப்பதைப் பார்த்துவிட்டு இன்னொரு வீட்டுக் கதையைச் சொன்னாள், அதன்பின் இன்னொன்று. ஆய்வாளர் அலுவலகம் வந்ததே தெரியவில்லை.

இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் கண்ணாடியை இறக்கினாள். “உள்ள என்ன கேட்பாங்க?”

“எப்போ தொடலாம், எப்போ தொடக்கூடாதுன்னு.”

“தெரியுமா?”

“தெரியும்னுதான் சொல்லுவேன். நம்பறாங்களான்னு பார்க்கலாம்.”

அவள் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியை எடுத்தாள். இண்டிகேட்டரை ஒரு நொடி முன்னாலேயே போட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதைச் சொல்லிவிட அவள் பக்கத்தில் இல்லை. படியேறி உள்ளே போனார்.